ஒரு டப்பாவுக்கு ஒரே வேலை

(தோட்டக் கிளையொன்றின் மாதக் கூட்டத்தில், பால் ஸ்டோர் பரிசோதனை அறையில் பணிபுரியும் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேச எத்தனையோ இருக்க, பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். நினைப்பதில் தவறில்லை. ஆனால் சற்றே கணக்குப் பாருங்கள். விடியற்காலையில் முகம் கழுவும் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் இருக்கிறது. தீம்பாருக்கு எடுத்துப் போகும் தேத்தண்ணி பிளாஸ்டிக் போத்தலில் இருக்கிறது. ஒரு காலத்தில் தேங்காய்ச் சிரட்டையிலும், பின்பு பீங்கான், கண்ணாடி மங்குகளிலும் வடிந்த பால், இன்று பல தோட்டங்களில் பிளாஸ்டிக் மங்கில் வடிகிறது. ஸ்டோரில் பால் சாம்பிள் எடுப்பது பிளாஸ்டிக் டப்பாவில். பாலை உறைய வைக்கும் ஆசிட் வருவது பிளாஸ்டிக் கேனில். புல்லுக்கு அடிக்கும் மருந்து வருவதும் அதே போன்ற கேனில்தான். வீட்டிற்குத் திரும்பினால் உப்பு, புளி, சீனி, குழந்தையின் பால் வரைக்கும் பிளாஸ்டிக்.

நம் கூலியை அளப்பதும் ஒரு டப்பா. நம் பிள்ளையின் உயிரைக் குடிக்கக் கூடியதும் ஒரு டப்பா. அப்படியிருக்க, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது வீண் பேச்சாகுமா?

நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு சங்கதி. ஒரு டப்பாவுக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும். அந்த வேலை என்னவென்று அதன் மேல் எழுதியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு விளக்கமே.

மரப்பாலும் பிளாஸ்டிக்கும் ஒரே குலம்

பிளாஸ்டிக் என்பது எங்கோ பிறந்த அதிசயப் பொருள் என்று எண்ண வேண்டாம். அது நம் ரப்பருக்கு உறவுக்காரன். ரப்பரும் பிளாஸ்டிக்கும் சிறு சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனவை. இந்த உண்மையை 1920-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. அன்றைக்கு அவரை நம்பாத பேராசிரியர்கள் பலர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த பொருள்களில் முக்கியமான ஒன்று ரப்பர்.

இன்னொரு செய்தியும் நம் மண்ணைச் சேர்ந்தது. ரப்பர் மரம் மலாயாவில் கால் ஊன்றுவதற்கு முன்பே, இந்தக் காட்டில் வேறொரு பால்மரம் இருந்தது. அதன் பாலிலிருந்து கிடைத்தது கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இட்டால் இளகும்; ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதைப் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்தி வந்தார்கள். 1840-களில் சிங்கப்பூரிலிருந்த வில்லியம் மான்ட்கமரி என்ற மருத்துவர் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1858-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போட்ட முதல் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது இந்தப் பொருள்தான். அதோடு, ஹைட்ரோபுளோரிக் ஆசிட் என்று ஒன்று இருக்கிறது. அது கண்ணாடியையே அரித்துவிடும். கண்ணாடிப் போத்தலில் வைக்க முடியாத அந்த ஆசிட்டை அக்காலப் பரிசோதனைச் சாலைகளில் கட்டாபெர்ச்சா போத்தலில் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் போத்தலின் முன்னோர்களில் ஒருவர் நம் காட்டு மரம் என்று சொன்னால் அது மிகையாகாது.

பிறகு 1933-இல் இங்கிலாந்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் மிகுந்த அழுத்தத்தில் ஒரு சோதனை செய்தபோது, பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருக்கக் கண்டார்கள். அதுவே பாலிதீன். இரண்டாம் உலகப் போரில் அது ராடார் கருவிக் கம்பிகளுக்கு உறையாயிற்று. போர் முடிந்ததும் அதே பொருள் வாளியாகவும் டப்பாவாகவும் அடுப்படிக்குள் நுழைந்தது. 1953-இல் கார்ல் சீக்ளர் அதிக அழுத்தமில்லாமலே உறுதியான பாலிதீன் செய்யும் வழியைக் கண்டார். மறு ஆண்டு இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிபுரொப்பிலீனைச் செய்தார். இருவரும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அடியில் இருக்கும் நம்பர்

டப்பாவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரை ஒரு நம்பரும் இருக்கும். 1988-இல் அமெரிக்காவில், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பதற்காக ஏற்படுத்திய அடையாளம் இது. பிளாஸ்டிக் எந்த ஜாதி என்பதை இது சொல்லும்.

நம்பர் 1 என்றால் கடையில் விற்கும் குடிதண்ணீர், சோடா போத்தல். பளிங்கு போல் இருக்கும். சுமார் 70 டிகிரி உஷ்ணத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கும் தேத்தண்ணியை இதில் ஊற்றினால் போத்தல் சுருங்கிக் கோணிப்போவது இதனால்தான்.

நம்பர் 2 உறுதியான பாலிதீன். ஆசிட் கேன், மருந்து கேன், சமையல் எண்ணெய்க் கேன் பெரும்பாலும் இதுவே. பல ஆசிட்டுகளைத் தாங்கும். கீழே விழுந்தாலும் லேசில் உடையாது.

நம்பர் 3 பி.வி.சி. தண்ணீர்க் குழாய் இந்த வகை. நம்பர் 4 மெல்லிய பாலிதீன். நாற்றங்காலில் ரப்பர் கன்று வளர்க்கும் கறுப்புப் பை இந்த இனத்தைச் சேர்ந்தது. பரிசோதனை அறையில் வயிற்றை அமுக்கினால் மூக்கு வழியே தண்ணீர் பீச்சுமே, அந்தப் போத்தலும் பெரும்பாலும் இதுதான்.

நம்பர் 5 பாலிபுரொப்பிலீன். வெயிலுக்கு அஞ்சும், ஆனால் சூட்டுக்கு அஞ்சாது. ஆஸ்பத்திரிகளிலும் பரிசோதனைச் சாலைகளிலும் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பாத்திரங்களை இதில்தான் செய்கிறார்கள். சூடான சாப்பாட்டுக்கு டப்பா வாங்கினால் இந்த நம்பரைத் தேடி வாங்குங்கள்.

நம்பர் 6 பாலிஸ்டைரின். வெள்ளை நுரைப் பெட்டி இந்த வகை. ரப்பரைக் கரைக்கும் டொலுயீனை இதில் ஊற்றினால் பெட்டியும் சேர்ந்து கரையும். நம்பர் 7 என்பது மற்ற எல்லாவற்றிற்கும் பொதுவானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்பர் சொல்வது பிளாஸ்டிக்கின் ஜாதியை மட்டுமே. உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. எண்ணெய்க் கேனும் நம்பர் 2. விஷக் கேனும் நம்பர் 2. இரண்டையும் ஒன்றாக நினைத்தவன் கெட்டான்.

சாம்பிள் டப்பாவும் சம்பளமும்

இப்போது வெட்டுக்காரத் தோழர்களுக்கு மிக நெருக்கமான விஷயத்திற்கு வருகிறேன். நீங்கள் கொண்டு வரும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரைதான் உலர்ந்த ரப்பர். அந்தப் பங்கு எவ்வளவு என்று பார்த்தே காய்ந்த எடை போடப்படுகிறது. கூடுதல் பாலுக்கான காசும் அந்த எடையில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உங்கள் பாலிலிருந்து ஒரு சிறு டப்பாவில் சாம்பிள் எடுக்கிறோம். நிறுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, அமுக்கி, அடுப்பில் உலர்த்தி, மறுபடியும் நிறுக்கிறோம்.

அந்தச் சிறு டப்பா ஈரமாக இருந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிராணிமார்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். பாலில் நூற்றுக்கு 33 பங்கு ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் சாம்பிளில் 6.6 கிராம் ரப்பர் இருக்கும். கழுவிக் கவிழ்க்காத டப்பாவில் 1 கிராம் தண்ணீர் தங்கியிருந்தால் மொத்தம் 21 கிராம் ஆகிறது. கணக்கில் 33 என்பது 31.4 ஆகக் குறைகிறது. அன்று ஒருவர் 40 கிலோ பால் கொண்டு வந்திருந்தால், அவருக்கு 13.2 கிலோ ரப்பர் எழுத வேண்டிய இடத்தில் சுமார் 12.6 கிலோ எழுதப்படும். ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போயிற்று. 25 நாள் இப்படியே நடந்தால் 15 கிலோவுக்கு மேல். யாரும் திருடவில்லை, யாரும் பொய் எழுதவில்லை. ஒரு ஈர டப்பா செய்த வேலை இது!

ஆகவே சாம்பிள் டப்பா கழுவி, கவிழ்த்து, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடாமல் விட்டால் தண்ணீர் ஆவியாகிக் கணக்கு எதிர்ப் பக்கம் சாயும், அதுவும் தவறுதான். டப்பாவின் உடம்பில் வெட்டுக்காரர் நம்பர் அழியாத மையில் இருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால், மூடி மாறும்போது ஆள் மாறிப்போவார். பழைய பால் உறைந்து ஓரத்தில் படலமாக ஒட்டியிருந்தால் உரித்து எடுத்துவிட வேண்டும். பாலிதீனில் ரப்பர் இறுகப் பிடிக்காது, விரலாலேயே உரியும். இதற்குச் சோம்பல்படக் கூடாது.

ஒட்டுப்பால் சேர்க்கும் சாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலிபுரொப்பிலீன் சாக்கு வெயிலில் நைந்து நார் நாராகப் பிரியும். அந்த நார் ஒட்டுப்பாலில் கலந்தால் ஆலையில் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. டயரில் போய்க் குறையாக நிற்கும். வாளியும் மங்கும் கறுப்பாக இருப்பதற்கும் வெயிலே காரணம். டயருக்குக் கறுப்பு நிறம் தரும் அதே கரித்தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்தால், அது வெயிலைத் தடுத்து ஆயுளை நீட்டிக்கும்.

தண்ணீர் போல் இருக்கும் ஆசிட்

பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் தோட்டத்துக்கு வரும்போது மிகக் கடுமையானது. நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஆசிட் இருக்கும். தோலில் பட்டால் பொசுக்கும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பார்ப்பதற்கோ பச்சைத் தண்ணீர். தண்ணீர் கலந்து நீர்த்த பிறகு நெடியும் குறைந்துவிடும். அதைக் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி ஸ்டோர் மூலையில் வைத்தால், தாகத்தோடு வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஆசிட் வந்த கேனிலேயே இருக்க வேண்டும். நீர்த்த ஆசிட்டுக்கென்று தனிப் பாத்திரம், தனி நிறம், தனிப் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே தெறித்தால், துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். டிரெஸ்ஸரைத் தேடி ஓடுவது அதற்குப் பிறகு.

‘மருந்து’ என்ற பெயர்

நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. புல்லைக் கொல்லும் விஷத்தை நாம் ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்தடிக்கப் போகிறேன்’, ‘மருந்துக் கேனை எடுத்து வை’ என்று பேசுகிறோம். இருமலுக்குக் குடிப்பதும் மருந்து; புல்லுக்கு அடிப்பதும் மருந்து! நாலு வயதுக் குழந்தை இந்த வித்தியாசத்தை எப்படி அறியும்? வாயில் வரும் பெயரும் ஒரு சீட்டுதான். ஆகையால் இன்று முதல் அதை விஷம் என்றே சொல்லுவோம்.

பாராகுவாட்டைப் பற்றித் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. பல ஆண்டுகள் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள். ஒரு வாய் விழுங்கினாலும் உயிருக்கு உலை. முறிவு மருந்து கிடையாது. அருந்தியவர் முதல் நாள் எழுந்து நடமாடக்கூடும். பிழைத்துவிட்டார் என்று வீட்டார் எண்ணுவார்கள். சில நாளில், அல்லது சில வாரத்தில், நுரையீரல் கெட்டு மூச்சு நிற்கும். தற்செயலாக அதைக் குடித்து உலகின் பல பாகங்களில் மாண்டவர்களில் பலர், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்ததைக் குடித்தவர்கள். கரிய நிறத்தால் அது கலர் தண்ணீர் போலவே இருந்தது. இதனால் பிற்காலத்தில் உற்பத்தியாளர்கள் அதில் நீலச் சாயமும், துர்நாற்றமும், வாந்தி வரச் செய்யும் பொருளும் சேர்க்க நேர்ந்தது. யோசித்துப் பாருங்கள், தோழர்களே! போத்தல் மாற்றும் பழக்கத்தை நிறுத்த முடியாமல், விஷத்துக்கே நிறமும் நாற்றமும் ஏற்ற வேண்டியதாயிற்று.

மலேசிய அரசாங்கம் 2002-இல் அதை நிறுத்துவதென்று முடிவு செய்தது. 2006-இல் மறுபடியும் அனுமதி கொடுத்தது. தொழிலாளருக்காக வாதாடியவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்தது. ஆனால் பழைய சரக்கும் பழைய கேனும் எந்த மூலையிலாவது கிடக்கக்கூடும். பாராகுவாட் போனாலும் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. அவையும் தண்ணீர் அல்ல.

1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இவற்றின் சீட்டில் வர்ணப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தபடி. நீலமும் வெள்ளையும் அதற்கும் கீழே. எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் படிக்கலாம். இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேறு போத்தலில் ஊற்றிய அந்த நிமிஷமே பட்டையும் போயிற்று, எச்சரிக்கையும் போயிற்று.

கழுவினால் போகாதா?

‘நல்ல கேன், நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினால் தண்ணீர் பிடிக்கலாமே’ என்று கேட்பார்கள். கூடாது! பாலிதீன் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். மஞ்சள் குழம்பு வைத்த டப்பாவில் கறை போகாமல் நிற்பதை வீட்டுத் தாய்மார்கள் அறிவார்கள். கறை போகாத இடத்தில் விஷம் மட்டும் போய்விடுமா? அது மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும்.

விஷம் தீர்ந்த கேனை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தோம்பிலேயே சேர்த்துவிட வேண்டும். பிறகு கேனில் ஓட்டை போட வேண்டும். ஓட்டைக் கேனை யாரும் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். மூன்று முறை கழுவுவது அதை ஒதுக்குவதற்காகவே. அதில் தண்ணீர் பிடிப்பதற்காக அல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. கொதிக்கும் பண்டத்தைக் கடைப் பையிலும் நம்பர் 1 போத்தலிலும் ஊற்றாதீர்கள். தீம்பாருக்குத் தேத்தண்ணி கொண்டு போக எவர்சில்வர் பிளாஸ்க் உத்தமம். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த ஊறுகாய்க்கு ஜாடியோ கண்ணாடியோ நல்லது. மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர் போத்தலில் வைக்க வேண்டாம். பி.பி.ஏ. என்ற பொருள் சேர்ந்த குழந்தைப் பால் போத்தலை 2012 மார்ச்சில் நம் நாட்டில் தடை செய்தார்கள். பழைய போத்தல் பெட்டியில் கிடந்தால், மருமகளுக்குக் கொடுக்காமல் தூக்கி எறியுங்கள்.

யாராவது தெரியாமல் எதையாவது குடித்துவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சீட்டுள்ள கேனையும் கையோடு எடுத்துப் போங்கள். வைத்தியர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எது உள்ளே போயிற்று என்று தெரிந்தால் வைத்தியர் ஒரு நிமிஷத்தை வீணாக்க மாட்டார்.

சங்கம் கேட்க வேண்டியவை

தோழர்களே, ‘தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு நிர்வாகம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தகவலும் பயிற்சியும் கொடுக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. அந்தக் குழுவில் நம் ஆளும் உட்காருகிறார். அவர் அங்கே கேட்க வேண்டியவை இவை:

1. ஆசிட், விஷம், அமோனியா ஆகியவற்றுக்குத் தனித் தனிப் பூட்டறை. வந்த கேனிலேயே அவை இருக்க வேண்டும்.

2. பிரித்து ஊற்றியே ஆக வேண்டுமென்றால், அதற்கென்ற பாத்திரமும், படத்தோடு கூடிய பெயர்ச்சீட்டும் நிர்வாகம் தர வேண்டும். தமிழ், மலாய், வெளிநாட்டுத் தோழர்களின் மொழி எல்லாவற்றிலும் சீட்டு வேண்டும்.

3. மருந்தடிக்கும் இடத்துக்குக் குடிதண்ணீரும் கைகழுவும் தண்ணீரும் தனித்தனியாக, வேறு வேறு நிறத் தோம்பில் அனுப்ப வேண்டும்.

4. காலிக் கேன்களுக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும். எத்தனை வந்தது, எத்தனை ஓட்டை போட்டு ஒப்படைத்தது என்று கிராணிமார்கள் எழுத வேண்டும்.

5. சாம்பிள் டப்பாக்கள் உலர்ந்திருப்பதை வெட்டுக்காரர் நேரில் பார்க்க உரிமை வேண்டும். வருஷத்திற்கு ஒரு தடவையாவது டப்பாவைப் புதிதாக மாற்ற வேண்டும்.

இதில் எந்தக் கோரிக்கையும் நிர்வாகத்தைக் கடனாளி ஆக்காது. ஒரு பூட்டு, சில நிறத் தோம்புகள், ஒரு புத்தகம், கொஞ்சம் மை. இவ்வளவுதான் செலவு. மறுக்கிறவர்கள் ஏன் மறுக்கிறோம் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். பாதுகாப்புக் குழுவின் புத்தகத்தில் அது பதியட்டும்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். இன்று வீட்டுக்குப் போனதும் குசினியையும் குளிக்கும் அறையையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பெயரில்லாத போத்தல் ஏதாவது இருந்தால், உள்ளே என்ன என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதி ஒட்டுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் மோந்து பார்க்க வேண்டாம், ருசி பார்க்கவே வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒதுக்கி வைத்து, ஸ்டோரில் ஒப்படையுங்கள். தோட்டத்து விஷக் கேனில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டு, கேனில் ஓட்டை போடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எந்தெந்த லயத்தில் எத்தனை கேன் அகப்பட்டது என்று கணக்குக் கேட்கப் போகிறோம். கிராணி வீடானாலும் வெட்டுக்காரர் வீடானாலும் அந்தக் கணக்கில் விலக்கு இல்லை.